பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வரிசை: திருகோணமலையின் தடாகங்களுக்கும் கடலுக்குமான முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு நீச்சல் பழக்கத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் வரிசையில்தான் பிழை விடுகிறார்கள். கையை எப்படி வீசுவது என்பதை முதலில் காட்டுகிறார்கள், மூச்சை எப்படி விடுவது என்பதைப் பிறகு சொல்கிறார்கள், தண்ணீரிலிருந்து எப்படி ஏறுவது என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். உறவினர், அயலவர் பிள்ளைகளை வார இறுதிகளில் உப்புவெளிப் பக்கத்துத் தடாகமொன்றிலும் பின்னர் கடலிலும் இறக்கிப் பழக்கியபோது நானும் இதே பிழைகளை விட்டுத் திருத்திக்கொண்டேன். புதிதாகப் பழகும் பெரியவர்களுக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும்; அவர்களுக்கு வெட்கம் மட்டும் மேலதிகமான தடையாக இருக்கும்.

1. வீட்டிலிருந்து புறப்படுமுன்

முதலில் உடுப்பைக் கவனியுங்கள். சாரம், சேலை, அகலமான சல்வார் ஆகியவை நனைந்ததும் கால்களைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், பிள்ளையைப் பிடித்திருக்கும் பெரியவரும் அவற்றோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. உடலை முழுதாக மூட விரும்புவோர் உடலோடு ஒட்டிய, தண்ணீரை உறிஞ்சாத துணியாலான நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் அணியலாம். இவை வெயிலிலிருந்தும் காக்கும்.

நிறமும் முக்கியம். நீலமும் வெள்ளையும் தடாகத்தின் அடித்தளத்தோடு கலந்துவிடுகின்றன. ஒருமுறை நீல ரீ-சேர்ட் ஒன்றை நாலடி ஆழத்தில் போட்டுவிட்டுக் கரையிலிருந்து தேடிப் பார்த்தேன். அது கிடந்த இடம் எனக்குத் தெரிந்திருந்தும், தண்ணீர் அசையும்போது அதைக் காண முடியவில்லை. செம்மஞ்சள் அல்லது கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறச் சட்டையை வாங்குங்கள்.

பையில் நைலோன் கயிறு பதினைந்து மீற்றர், இறுக மூடிய ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்று, குடிநீர், துவாய், கடலுக்கானால் வினாகிரிப் போத்தல் ஒன்று ஆகியவை இருக்கட்டும். கயிறும் கானும் மூழ்குபவருக்கு எறிந்து இழுப்பதற்கானவை. கானுக்குள் ஒரு கோப்பை அளவு தண்ணீர் விட்டு, கயிற்றின் ஒரு நுனியை அதன் பிடியில் கட்டிவிடுங்கள். முற்றிலும் வெறுமையான கானை எறிந்தால் காற்று அதைத் திசைதிருப்பிவிடும், சிறிது பாரம் இருந்தால் நேராகப் போகும். தொலைபேசியில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு, ஆஸ்துமா, காதில் சீழ் வடிதல் போன்றவை இருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும்; அந்தப் பிள்ளை நன்றாக நீந்தப் பழகிய பிறகும் இது மாறாது.

2. பார்ப்பவர் யார் என்பதைப் பெயர் சொல்லி முடிவுசெய்தல்

பிள்ளைகள் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னர் இதை முடிவுசெய்ய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு வேறெதையும் செய்யாத குடும்பம்கூட, எல்லாவற்றையும் வாங்கிவிட்டு இதை விட்டுவிட்ட குடும்பத்தை விடப் பாதுகாப்பானது என்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதித் தடாகத்தின் ஓரத்தில் நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர் கதிரைகளில் அமர்ந்திருந்தோம். ஆறு வயது மருமகன் ஆழம் குறைந்த பக்கத்துச் சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டாக நகர்ந்து கொண்டிருந்தான். தளம் சரியும் இடத்துக்கு வந்தபோது அவனுடைய கை நழுவியது. அவன் கத்தவுமில்லை, கையை ஆட்டவுமில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நீர்மட்டத்தில் திறந்திருக்க, ஏணியில் ஏறுபவனைப் போல் கைகளை நீருக்குள் கீழ்நோக்கி அழுத்திக் கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்றே நினைத்தேன். அவனுடைய அக்கா, "மாமா, தம்பி ஏன் கதைக்கிறான் இல்லை?" என்று கேட்ட பிறகே இறங்கித் தூக்கினேன். நால்வரும் மற்ற மூவரில் ஒருவர் பார்க்கிறார் என்றே நம்பியிருந்தோம்.

மூழ்குபவர் பெரும்பாலும் சத்தமிடுவதில்லை, ஏனெனில் மூச்சு எடுக்கவே முடியாதவரால் குரல் கொடுக்க முடியாது. நீர்மட்டத்தில் நடக்கும் இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிகளே நீடிக்கும். சிறு பிள்ளைகளில் அது இன்னும் குறுகியதாக இருக்கும். ஒரு குறுஞ்செய்தியை வாசித்துப் பதில் எழுதவே அவ்வளவு நேரம் எடுக்கும்.

ஆகவே ஒருவர் மட்டும் காவல் பார்ப்பவராக இருக்க வேண்டும். அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது, அவரோடு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது "இனி நான் பார்க்கிறன்" என்று வாங்குபவர் வாயால் சொன்ன பின்னரே கொடுப்பவர் கண்ணை எடுக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடும் நீந்தத் தெரியாத எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே, கை நீட்டித் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். பத்து வயது அண்ணனைக் காவலுக்கு வைப்பது காவலாகாது.

3. தடாகத்தைச் சோதித்தல்

அடித்தளத்திலுள்ள வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஓரத்தில் நின்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்று இறங்க வேண்டாம், ஏனெனில் கலங்கிய நீரில் அடியில் கிடக்கும் பிள்ளையையும் காண முடியாது. மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ நீர் உறிஞ்சும் வேகம் தலைமுடியையும் உடுப்பையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீண்ட முடியைக் கட்டி, தொப்பிக்குள் அடக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

குளோரின் மணம் மூக்கில் ஏறினால் தண்ணீர் சுத்தமானது என்று பலர் எண்ணுகிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் சேர்மங்களே அந்தக் கடும் மணத்தைத் தருகின்றன. குளிக்காமல் இறங்கக் கூடாது என்ற விதியின் நோக்கமும் அதைக் குறைப்பதே.

ஆழம் குறைந்த பகுதி எங்கே முடிகிறது என்பதைப் பெரியவர் முதலில் நடந்து பார்த்து, பிள்ளைக்கும் காட்ட வேண்டும். எந்த இடத்திலும் முதல் முறை கால் முன்னாக இறங்குங்கள். தலைகீழாகப் பாய்வதற்குக் குறைந்தது ஒன்பது அடி ஆழம் வேண்டும். விடுதித் தடாகங்களில் பெரும்பாலானவை அவ்வளவு ஆழமானவை அல்ல.

4. பிள்ளைக்கான பாடங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதளவில் முறையான பாடத்துக்கு ஆயத்தமாகிவிடுவார்கள். ஒரு பாடம் அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். உதடு நிறம் மாறி நடுங்கத் தொடங்கிய பிள்ளை எதையும் கற்காது. பிள்ளையின் மார்பளவுக்கு மேற்படாத ஆழத்தில் எல்லாவற்றையும் பழக்குங்கள்.

முதற்பாடம் ஏறுவது. ஏணியைத் தவிர்த்து, சுவரின் விளிம்பில் ஒரு முழங்கை, மற்ற முழங்கை, வயிறு, ஒரு முழங்கால் என்ற ஒழுங்கில் ஏறப் பழக்குங்கள். தவறி விழும் பிள்ளை ஏணிக்கு அருகில் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு நாளில் இருபது தடவை இதை விளையாட்டாகச் செய்விக்கலாம்.

இரண்டாவது மூச்சு. வாயை நீர்மட்டத்தில் வைத்துச் சூடான தேநீரை ஊதுவது போல் ஊதச் சொல்லுங்கள். பிறகு வாய், மூக்கு, கண், முழுத்தலை என்று படிப்படியாக நீருக்குள் போகலாம். நீருக்குள் மூச்சை விடவும், மேலே வந்ததும் வாயால் எடுக்கவும் பழக வேண்டும். மூச்சை அடக்கி வைத்திருந்து மேலே வந்து வெளிவிடும் பிள்ளைக்கு உள்ளே இழுக்க நேரம் போதாமல் போய்விடும். நாலு வீச்சில் களைத்துப்போகும் பிள்ளைகளில் அநேகருக்கு இதுவே காரணம். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை அடியோடு தடைசெய்யுங்கள். வேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்குபவரின் உடலில் காபனீரொட்சைட்டு குறைந்திருப்பதால், மூச்சு வேண்டும் என்ற உந்துதல் வருமுன்னரே அவர் நினைவிழக்கக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு இறந்திருக்கிறார்கள்.

மூன்றாவது மல்லாந்து மிதத்தல். பிள்ளையின் தலையை உங்கள் தோளில் சாய்த்து, ஒரு கையை முதுகுக்குக் கீழே வையுங்கள். காதுகள் நீருக்குள் இருக்க வேண்டும், நாடி (முகவாய்) சற்று மேலே உயர வேண்டும், வயிறு வானத்தை நோக்க வேண்டும். புதியவர்கள் காதில் தண்ணீர் போகும் என்று தலையைத் தூக்குகிறார்கள்; தலை உயர்ந்தவுடன் இடுப்புத் தாழ்ந்து உடல் மடிந்துவிடுகிறது. கையை உடனே எடுக்காமல், முதலில் உள்ளங்கையாகவும், பிறகு இரண்டு விரல்களாகவும், இறுதியில் ஒரு விரல் நுனியாகவும் குறைத்துக்கொண்டு வாருங்கள். "கையை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எடுப்பது மிகப் பெரிய பிழை. ஒருமுறை அப்படிச் செய்ததால் என் மகளோடு மூன்று வாரங்கள் பின்னால் போனேன். எடுக்கப் போகும்போது சொல்லிவிட்டே எடுங்கள்.

மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். முழங்கால்களை மார்புக்கு இழுத்து, கைகளால் நீரைப் பின்னிருந்து முன்னுக்குத் தள்ளி, பாதங்களைத் தளத்தில் ஊன்ற வேண்டும். இது தெரியாத பிள்ளை முழங்கால் அளவுத் தண்ணீரிலும் தத்தளிக்கும்.

நான்காவது, விழுந்து திரும்புதல். ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை தண்ணீருக்குள் சரிந்து, மேலே வந்து, திரும்பி, தான் விழுந்த சுவரையே பிடித்து ஏற வேண்டும். தவறி விழும் பிள்ளை பெரும்பாலும் முன்னோக்கிப் போக முயல்கிறது, கரை இருப்பதோ முதுகுக்குப் பின்னால். பாடம் முடியும் நாளில் ஒருமுறையாவது பாடசாலை உடுப்பைப் போன்ற வழமையான உடுப்போடும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் வந்த பிறகே காலால் அடித்தல். சுவரைப் பிடித்து, தொடையிலிருந்து, கணுக்காலைத் தளர்த்தி அடிக்க வேண்டும்; முழங்காலை மடித்துச் சைக்கிள் மிதிப்பது போல அடித்தால் உடல் நின்ற இடத்திலேயே நிற்கும். கைவீச்சு கடைசி. அதற்குள் பிள்ளைக்குத் தண்ணீர் பழகிவிடுவதால் அதைக் கற்பிக்க மிகக் குறைந்த நேரமே போதும்.

கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் இடுப்பு டியூப்களையும் நான் பாவிப்பதில்லை. அவை பிள்ளையை நிமிர்ந்த நிலையில் நிறுத்துகின்றன. மூழ்குபவரின் உடலும் அதே நிலையில்தான் இருக்கும். அவற்றோடு பழகிய பிள்ளை, ஒருநாள் அவை இல்லாமலே தண்ணீரில் குதிக்கும். படகில் போகும்போது அணியும் உயிர்காப்பு அங்கி வேறு விடயம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போகும்போது அளவான அங்கியை எல்லோரும் அணிய வேண்டும்.

5. கடலுக்கு முன்னர் ஒரு பரீட்சை

தலைக்கு மேற்பட்ட ஆழத்தில் குதித்து மேலே வருதல், ஒரு நிமிடம் மிதத்தல் அல்லது நின்ற நிலையில் நீந்துதல், ஒரு முழு வட்டம் சுற்றித் திசை கண்டுபிடித்தல், 25 மீற்றர் நிற்காமல் நீந்துதல், ஏணியின்றி ஏறுதல் ஆகிய ஐந்தையும் இடையில் ஓய்வின்றி ஒரே தொடராகச் செய்யும் பிள்ளை தடாகத்தில் தேறிவிட்டது எனலாம். கடலுக்கு மிதக்கும் நேரத்தை ஐந்து நிமிடமாக்குங்கள். தேறாத பிள்ளை கடலில் விளையாடலாம். முழங்கால் அளவு தண்ணீரில், பெரியவரின் கையைப் பிடித்தபடி.

6. காலமும் காற்றும் இடமும்

திருகோணமலைக் கடலை நவம்பர் முதல் பெப்ரவரி வரை நீச்சலுக்குரிய இடமாக எண்ணக் கூடாது. வாடைக்காற்று நேரே கரையை நோக்கி அலையைக் கொண்டுவரும். இடையில் ஒரு நாள் வெயில் எறித்தாலும் கடல் அடங்கியதாக ஆகாது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும்.

அந்த அமைதியில் புதியவர்கள் அறியாத ஓர் ஆபத்து உண்டு. இக்காலத்தில் வீசும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோர நீர் கண்ணாடி போலக் கிடப்பதற்கு ஒரு காரணம் அதுவே. காற்றடைத்த எதையும் கரையிலிருந்து அது விலக்கிக்கொண்டு போவதும் அதனால்தான். ஒரு யூலை மாதத்தில் உப்புவெளியில் சிறுமியொருத்தி இருந்த டியூப், அவளுடைய தந்தை சாரத்தை மடித்துக் கட்டி முடிப்பதற்குள் அவர் கழுத்தளவு ஆழத்துக்குப் போய்விட்டது. வள்ளத்தில் நின்ற இளைஞர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். காற்று மெத்தை, டியூப், பெரிய பந்து எதையும் கச்சானில் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பந்து போனால் போகட்டும் என்று பிள்ளைக்கு முன்னரே சொல்லி வையுங்கள்.

காலை ஆறரை முதல் ஒன்பது மணி வரையான நேரம் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. வெயில் தணிவு, காற்றும் பெரும்பாலும் குறைவு. இடி கேட்டால் தடாகமாயினும் கடலாயினும் உடனே வெளியேறி, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் இறங்க வேண்டும்.

சீனக்குடாப் பக்கத்து மாபிள் கடற்கரை குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் பிள்ளைகளின் முதற் கடற்பாடத்துக்கு ஏற்றது. டச்சுபே, உப்புவெளி, நிலாவெளி ஆகியவை திறந்த கடலைப் பார்த்தவை. துறைமுகத்தின் உட்பகுதியில் ஆழம் சட்டென்று கூடும், படகுப் போக்குவரத்தும் உண்டு. களப்பு கடலோடு சேரும் முகத்துவாரங்களில் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம். மேலே அசையாதது போலத் தெரியும் நீர் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

7. கரையில் பத்து நிமிடம் நிற்றல்

வந்தவுடன் இறங்காமல், உயரமான இடத்தில் நின்று கடலைப் பாருங்கள். அலை கரைக்குக் கொண்டுவரும் நீர் எங்காவது ஓரிடத்தால் திரும்பிப் போக வேண்டும். அந்தக் குறுகிய வழியே இழுவை நீரோட்டம். இரு பக்கமும் அலை வெண்மையாக உடையும்போது நடுவில் ஓரிடம் உடையாமல், சற்றுக் கருமையாக, நுரையும் மணலும் வெளிநோக்கிப் போக இருக்கும். புதியவர்கள் அலையில்லாத இடம் என்று எண்ணித் தெரிந்தெடுப்பது அதைத்தான்.

கரைவலைக்காரர் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்: "அண்ணை, இண்டைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" அவர்கள் வலையை வைத்துப் பதில் சொல்வார்கள். வலை இழுக்கும் கயிறுகளுக்கு இடையில் மட்டும் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் கடமையில் இருந்தால், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடையில் நீந்துங்கள். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் வீடு திரும்புங்கள்.

இறங்கியதும் கரையில் ஓர் அடையாளத்தை, ஒரு தென்னையையோ கட்டடத்தையோ, குறித்துக்கொண்டு, கடலுக்குள் போகாமல் கரைக்குச் சமாந்தரமாக, மார்பளவு ஆழத்துக்குள் நீந்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடையாளத்தைப் பார்த்தால் நீர் உங்களை எவ்வளவு நகர்த்தியுள்ளது என்பது தெரியும்.

8. இழுவையில் அகப்பட்டால்

இழுவை உங்களை வெளியே கொண்டுபோகும், கீழே இழுக்காது. மூழ்குபவர்கள் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்தே மூழ்குகிறார்கள். கடுமையான இழுவை, பயிற்சி பெற்ற வீரரின் வேகத்தையும் மிஞ்சும்.

முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். நான்காம் பிரிவில் மிதப்பை அவ்வளவு வலியுறுத்தியதன் பயன் இங்கே தெரியும். பின்னர் ஒரு கையை உயர்த்தி அழையுங்கள். இயலுமானால் கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் வெண்மையான பகுதியை நோக்கி நீந்தி, அங்கிருந்து அலையோடு சாய்வாகக் கரைக்கு வாருங்கள். இயலாவிட்டால் மிதந்தபடியே இருங்கள். உடையும் அலைகளுக்கு அப்பால் இழுவை பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

9. இன்னொருவர் மூழ்கும்போது

நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்து இருவரும் மூழ்கும் செய்தி நம் பக்கத்தில் புதியதல்ல. குரல் கொடுத்து மிதக்கச் சொல்லுங்கள், தடியை நீட்டுங்கள், கயிறு கட்டிய கானை அவரைத் தாண்டி எறிந்து இழுத்துக் கொடுங்கள். ஒருவரை 1990ஐ அழைக்கவோ வள்ளத்தைக் கூப்பிடவோ அனுப்புங்கள்.

கரை சேர்த்தவர் மூச்சுவிடாவிட்டால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். அதனால் வாந்தி நுரையீரலுக்குள் போவதோடு, பொன்னான நிமிடங்களும் வீணாகும். மல்லாக்கக் கிடத்தி, நாடியை உயர்த்தி, மூக்கை மூடி, மார்பு எழும் அளவுக்கு ஐந்து முறை வாயால் ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் முப்பது அழுத்தங்களும் இரண்டு ஊதல்களும் என்று, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில், உதவி வரும்வரை தொடருங்கள். பெரியவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழமும் பிள்ளைக்கு மார்பின் தடிப்பில் மூன்றிலொரு பங்கும் அழுந்த வேண்டும். இதை வாசித்து மட்டும் பழக முடியாது; முதலுதவி வகுப்பொன்றில் பொம்மை மீது ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

மூச்சுத் திரும்பி எழுந்து உட்கார்ந்து கதைத்தாலும், மீட்கப்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன நீரின் பாதிப்பு சில மணித்தியாலங்கள் கழித்து இருமலாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படலாம்.

10. கொட்டும் உயிரினங்கள்

சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ வேண்டாம். தோலில் ஒட்டியுள்ள வெடிக்காத கொட்டுக்கலங்கள் அதனால் வெடிக்கும். கடல்நீரால் கழுவுங்கள். பெட்டி வடிவச் சொறிமுட்டை என்று தெரிந்தால் வினாகிரி ஊற்றுங்கள். கடல் முள்ளெலி குத்தினாலோ திருக்கை அடித்தாலோ, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும். முறிந்த முள்ளை வைத்தியர் எடுக்கட்டும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேரே 1990.

11. வாடை முடிந்த பிறகு

நான்கைந்து மாதம் கடலுக்குப் போகாத பிள்ளை வளர்ந்திருக்கும், பாரம் கூடியிருக்கும், தன்னால் முடியும் என்ற எண்ணமும் கூடியிருக்கும். மிதப்போ மறந்திருக்கும். ஆகவே ஏப்ரலில் முதல் இரண்டு வாரமும் தடாகத்தின் மூன்றடி ஆழத்துக்கே திரும்பி, ஏறுவதிலிருந்து தொடங்கி, ஐந்தாம் பிரிவிலுள்ள பரீட்சையை மீண்டும் வையுங்கள். சென்ற ஆண்டு தேறிய பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் ஒவ்வொரு முறையும் ஏணியைத் தேடிப் போவதைக் காண்கிறேன்.